குளிர்ந்த கடலில் சர்ஃபிங்: முதல் பணம் போர்டுக்கா, வெட்சூட்டுக்கா?

சான்பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவில் சர்ஃபிங் பழக ஆசைப்படும் நம்மவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் போர்டைப் பற்றித்தான். எத்தனை அடி, எந்தக் கம்பெனி, காஸ்ட்கோவில் விற்கிறதே அது போதுமா? வெட்சூட், அதாவது குளிர்நீரில் உடம்பைக் காக்கும் இறுக்கமான ரப்பர் உடை பற்றிய கேள்வி கடைசியில் வரும், அதுவும் "ஏதாவது ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டால் ஆயிற்று, இல்லையா?" என்ற தொனியில். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போடச் சொல்வேன். வடக்குக் கலிஃபோர்னியாக் கடலில் நீங்கள் எத்தனை சீக்கிரம் எழுந்து நிற்பீர்கள் என்பது போர்டால் முடிவாவதில்லை. நடுங்காமல் எவ்வளவு நேரம் தண்ணீரில் இருக்க முடிகிறது என்பதே முடிவு செய்கிறது. அந்த நேரத்தை உங்களுக்குத் தருவது வெட்சூட்.

விடுமுறையில் கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ சில நாள் பழகிவிட்டு வந்தவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வங்காள விரிகுடா வருடம் முழுக்க 26 டிகிரி செல்சியஸுக்கு மேல், கோடையில் 30 டிகிரி வரை. ரேஷ் கார்டு என்ற மெல்லிய நீச்சல் மேல்சட்டை, அரைக்கால் சட்டை இருந்தால் காலை முழுதும் விளையாடலாம். பசிபிக்கின் இந்தப் பக்கம் 10 முதல் 15 டிகிரி. காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக நீர் உடம்பின் சூட்டை இழுக்கும். 12 டிகிரி காற்றில் ஒரு ஸ்வெட்டர் போதும். அதே 12 டிகிரி நீரில் வெறும் உடம்போடு இறங்கினால் கால் மணி நேரத்தில் கைவிரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காது.

எப்போது தொடங்குவது என்பதிலும் நம் ஊர்க் கணக்கு இங்கே தப்பிவிடும். மே, ஜூனில் சான் ஹோசேயில் வெயில் 30 டிகிரியைத் தாண்டும்போது கடலும் வெதுவெதுப்பாக இருக்கும் என்று நினைத்துக் கிளம்புவார்கள். உண்மையில் ஏப்ரல் முதல் ஜூன் வரைதான் இந்தக் கடல் மிகக் குளிர்ந்திருக்கும். வடமேற்கிலிருந்து கரையோரமாக வீசும் காற்று மேல்நீரைக் கரையை விட்டு வெளியே தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. காற்று தணியும் செப்டம்பர், அக்டோபரில்தான் நீர் 14, 15 டிகிரியைத் தொடும். அலையும் அப்போது அநேகமாக நிதானமாக இருக்கும், மூடுபனியும் விலகும். நவம்பருக்குப் பிறகு குளிர்காலப் பெரிய அலைகள் வந்துவிடும், புதியவருக்கு இடம் குறைந்துவிடும். ஆகவே ஆகஸ்டில் சாமானுக்கு ஏற்பாடு செய்து, செப்டம்பரில் தண்ணீரில் இறங்குவது நல்ல கணக்கு.

இனி வெட்சூட். தடிமனில் மூன்று தேர்வுகள் உங்கள் முன்னால் வரும்: 3/2, 4/3, 5/4. முதல் எண் மார்பு, முதுகுப் பக்கத்தின் தடிமன், மில்லிமீட்டரில். இரண்டாவது கை, கால்களுக்கு. 3/2 சான் டியாகோவுக்குச் சரி. இங்கே அதை வாங்கினால் செப்டம்பர் மதியங்களில் மட்டும்தான் உதவும். 5/4 பெரும்பாலும் தலையை மூடும் ஹூட் தைத்தே வரும். டிசம்பர் விடியற்காலையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து அலைக்குக் காத்திருப்பவர்களுக்கு அது வேண்டும். ஆனால் தோளை அசைக்கக் கூடுதல் பலம் கேட்கும். போர்டில் படுத்துக் கைகளால் துடுப்புப் போடும் தசை இன்னும் வளராத புதியவருக்கு அது பெரிய பாரம். 4/3 வாங்குங்கள். வருடம் முழுக்க ஓட்டலாம். குளிர் தாங்காத உடம்புக்காரர்கள் தனி ஹூட் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் 5/4 செய்யும் வேலையில் பெரும்பகுதி நடந்துவிடும்.

தடிமனைவிட முக்கியமானது அளவு. விற்பவர்களில் பலர் "உள்ளே நுழையும் மெல்லிய நீர்ப்படலம் சூடாகி உங்களைக் காக்கும்" என்பார்கள். காப்பது நீரில்லை. நியோப்ரீன் ரப்பருக்குள் பன் ரொட்டியில் இருப்பதுபோல் எண்ணற்ற நுண்குமிழிகள் அடைபட்டிருக்கின்றன. அந்த வாயுதான் சூட்டை வெளியே விடாமல் தடுக்கிறது. உள்ளே வரும் நீர் கொஞ்சமாக, அசையாமல் இருக்கும் வரை தொல்லையில்லை. சூட் தளர்வாக இருந்தால் ஒவ்வொரு முறை விழும்போதும் ஒரு குடம் புதுக் குளிர்நீர் முதுகுத்தண்டில் இறங்கி, நீங்கள் சூடாக்கி வைத்ததை அள்ளிக்கொண்டு போகும். புதியவர் ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை விழுவார் என்று எண்ணிப் பாருங்கள். 500 டாலர் கொடுத்து வாங்கிய தளர்வான சூட்டைவிட 200 டாலருக்கு வாங்கிய பொருத்தமான சூட் சூடாக இருக்கும்.

அதனால் முதல் சூட்டை ஆன்லைனில் வாங்காதீர்கள். கடைக்குப் போய், அவசரப்படாமல் போட்டுப் பாருங்கள். காலில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழைத்தால் சட்டென்று வழுக்கி இறங்கும். நகத்தால் இழுக்கக் கூடாது, ரப்பர் கிழியும். விரல் நுனிச் சதையால் கணுக்காலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றி, தொடை இடுக்கில் இடைவெளியே இல்லாமல் உட்காரவைத்த பிறகுதான் கைகளை நுழைக்க வேண்டும். அது சரியாக உட்காராவிட்டால் தோள் எட்டாது, "சைஸ் சின்னது" என்று தப்பாக முடிவு செய்துவிடுவீர்கள். போட்டதும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்குங்கள். குந்தி உட்காருங்கள். அக்குளில், முழங்காலுக்குப் பின்னால், முக்கியமாக இடுப்புக்குச் சற்று மேலே முதுகு உள்வாங்கும் குழிவில் துணியைக் கிள்ளிப் பாருங்கள். கைநிறைய வந்தால் அந்த சூட் வேண்டாம். கடையில் காய்ந்த நிலையில் மூச்சைச் சற்றே பிடிப்பதுபோல் இருப்பதுதான் சரி, நனைந்தால் கொஞ்சம் இளகும்.

மீடியம் டால், லார்ஜ் ஷார்ட் என்று இடைப்பட்ட அளவுகளும் உண்டு. உயரம் குறைவு, வயிறு சற்றுக் கூடுதல் என்றால் லார்ஜ் ஷார்ட் கேட்டுப் பாருங்கள். மணிக்கட்டில் சுருக்கம் விழாமல் நிற்கும். பெண்கள் ஆண்களுக்கான ஸ்மால் அளவை எடுத்துச் சமாளிக்க வேண்டாம். துணி வெட்டும் விதமே வேறு, முதுகுக் குழிவில் நிச்சயம் நீர் தேங்கும்.

ஜிப் எங்கே இருக்கிறது என்பது அடுத்த தேர்வு. முதுகு ஜிப் போடவும் கழற்றவும் சுலபம், விலையும் குறைவு. ஆனால் தலை நீருக்குள் போகும்போதெல்லாம் பின்கழுத்து வழியாகவும் ஜிப் வழியாகவும் நீர் இறங்கும். மார்பு ஜிப்பில் கழுத்துத் துளைக்குள் உடம்பையே நுழைக்க வேண்டும். முதல் சில தடவை மூச்சு வாங்கும், தோளில் பழைய வலி இருப்பவர்களுக்கு உண்மையாகவே கஷ்டம். அவர்கள் முதுகு ஜிப்பையே எடுக்கட்டும். மற்ற எல்லோருக்கும் மார்பு ஜிப். தையலைத் திருப்பிப் பார்க்கவும் மறக்காதீர்கள். தண்டவாளம்போல் இரண்டு பக்கமும் நூல் தெரியும் தட்டைத் தையல் வெப்பக் கடலுக்கானது, ஊசித் துளைகள் வழியே நீர் ஒழுகும். ஒட்டி, நூல் மறுபுறம் துளைக்காமல் தைத்த சூட்தான் இங்கே வேண்டும். மூட்டுகளின் மேல் ரப்பர்ப் பசை பூசியிருந்தால் இன்னும் நல்லது. சுற்றுச்சூழல் அக்கறை உள்ளவர்கள் இயற்கை ரப்பரில் செய்த சூட்டையும் பார்க்கலாம். படகோனியா நிறுவனம் 2016-இல் தன் சூட்களை நியோப்ரீனிலிருந்து யூலெக்ஸ் என்ற இயற்கை ரப்பருக்கு மாற்றியது. கதகதப்பில் குறை சொல்ல முடியாது, விலைதான் கொஞ்சம் தூக்கல்.

இந்த உடை பிறந்ததே இந்த ஊரில்தான் என்பது எனக்குப் பிடித்த விஷயம். 1950-களின் தொடக்கத்தில் பெர்க்லி பல்கலைக்கழக இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் நியோப்ரீன் உடையை வடிவமைத்தார், கடற்படை முக்குளிப்பவர்களை மனத்தில் வைத்து. 1952-இல் ஜாக் ஓநீல் சான்பிரான்சிஸ்கோவில் சர்ஃப் கடை திறந்தார். குளிர் தாங்காமல் சீக்கிரமே கரையேற வேண்டியிருந்ததுதான் அவரை ரப்பர் உடைகளின் பக்கம் திருப்பியது. வெப்பக் கடற்கரையில் யாருக்கும் இந்த யோசனை தோன்றியிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

வாடகையா, சொந்தமா? முதல் இரண்டு மூன்று தடவைக்கு எல்லாவற்றையும் வாடகைக்கு எடுங்கள். இந்த விளையாட்டு ஒத்துவருகிறதா என்று தெரிய அது போதும். சூட்டும் போர்டும் சேர்த்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ 50 டாலர், கடைக்குக் கடை மாறும். தொடர்வது என்று முடிவானதும் சூட்டைச் சொந்தமாக வாங்குங்கள், போர்டு வாடகையிலேயே இருக்கட்டும். வாடகை போர்டு யாருக்கும் பொருந்தும். வாடகை சூட் யாருக்கும் சரியாகப் பொருந்தாது. பலர் போட்டுப் போட்டு ரப்பர் அமுங்கி, எழுதியிருக்கும் 4 மில்லிமீட்டர் அதில் மிச்சமிருக்காது. பழைய சூட்டைக் குறைந்த விலைக்கு வாங்குவதிலும் இதே ஆபத்து. முழங்கையை மடக்கிப் பாருங்கள். ரப்பர் விறைத்து, வெடிப்புக் கோடுகள் தெரிந்தால் விட்டுவிடுங்கள். போர்டு அப்படியில்லை, அதைப் பழையதாகவே தாராளமாக வாங்கலாம்.

தலை, காது, கால், கை. பாதி உடல் சூடு தலை வழியாகப் போகிறது என்ற பேச்சு உண்மையில்லை. உடம்பில் தலையின் பங்கு எவ்வளவோ, சூடு போவதும் ஏறக்குறைய அவ்வளவே. ஆனாலும் மற்றதெல்லாம் மூடியிருக்கும்போது திறந்து கிடப்பது தலை ஒன்றுதான். உடைந்து வரும் நுரை அலைக்குள் மூழ்கி எழும்போது நெற்றியில் ஊசி குத்துவதுபோல் வலிக்கும், அதற்கு ஹூட் நல்ல மருந்து. காதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். குளிர்நீரும் காற்றும் வருடக்கணக்கில் பட்டால் காதுக் குழாயில் எலும்பு வளர்ந்து துளையைச் சுருக்கிவிடும். இந்தக் கரையில் பழைய சர்ஃபர்கள் பலர் இதற்காக அறுவை செய்துகொண்டவர்கள். முதல் நாளிலிருந்தே காதடைப்பான் போடுங்கள். ஒலி கேட்கவிட்டு நீரைத் தடுக்கும் வகை கிடைக்கிறது. மொத்தச் சாமான்களில் விலைக்கு மிஞ்சிய பலன் தருவது இதுவே என்பேன்.

காலுக்குப் போடும் ரப்பர்ச் செருப்பான பூட்டி 3 மில்லிமீட்டர் போதும். கட்டைவிரலைத் தனியாகப் பிரிக்கும் வகையில் கால் உள்ளே வழுக்காது, போர்டின் மேல் நிற்கும் உணர்வு தெரியும். வட்ட முனை சற்றுக் கூடுதல் சூடு. புதியவருக்குப் பிரிவிரல் வகையே நல்லது. சூட்டின் கால்பகுதியை பூட்டிக்கு மேலே விடுங்கள். உள்ளே செருகினால் ஒவ்வொரு அலையும் பூட்டியை நிரப்பும், கால் கல்லாய்க் கனக்கும். கையுறை இப்போதைக்கு வேண்டாம். இந்த வெப்பநிலையில் உள்ளூர்க்காரர்கள் அநேகமாகப் போடுவதில்லை, போர்டைப் பிடிக்கும் பழக்கம் வர வெறுங்கை உதவும்.

போர்டைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் தேர்வு கடினமில்லை. 8 அடியா 9 அடியா என்றால், 75 கிலோவுக்குக் கீழே இருப்பவருக்கு 8, மேலே இருப்பவருக்கு 9. இரண்டும் மென்மையான ஃபோம் போர்டாக இருக்கட்டும். காஸ்ட்கோ விற்றுப் பிரபலமான வேவ்ஸ்டார்ம் 8 அடி போர்டை இளக்காரமாகப் பேசுபவர்கள் உண்டு. அதன் மேல் எழுந்து நிற்கக் கற்றவர்களின் எண்ணிக்கை அவர்களுக்குப் பதில் சொல்லும். வெப்பக் கடலில் 7 அடியில் சமாளித்தவர்கூட இங்கே ஒரு அளவு பெரியதை எடுக்க வேண்டும். நனைந்த சூட்டின் பாரமும், தோளில் ரப்பர் இழுக்கும் இழுப்பும் துடுப்பு வேகத்தைக் குறைக்கும். அந்தக் குறையைப் பெரிய போர்டு ஈடுகட்டும். ஃபைபர் போர்டு பார்க்க அழகு. ஆனால் மரத்துப்போன கையிலிருந்து நழுவி, பக்கத்தில் இருக்கும் குழந்தையின் தலையில் மோதினால் என்ன ஆகும் என்று நினைத்தால் அந்த ஆசை தானே அடங்கும்.

கால் வழுக்காமல் இருக்க போர்டில் தேய்க்கும் வாக்ஸ் வாங்கும்போது உறையில் குளிர்நீருக்கு என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த வெப்பக் கடல் வாக்ஸ் இங்கே சோப்புக்கட்டிபோல் இறுகி வழுக்கும். போர்டைக் காலோடு கட்டும் கயிறான லீஷ் போர்டின் நீளத்துக்குச் சமமாக இருக்கட்டும். அதில் ஒரு எச்சரிக்கை: விழுந்து எழும்போது முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டே வெளியே வாருங்கள். லீஷ் இழுபட்டு போர்டைத் திருப்பி அடிக்கும். 1970-களின் தொடக்கத்தில், ரப்பர் குழாயில் லீஷ் செய்து பார்த்த காலத்தில், மேலே சொன்ன ஜாக் ஓநீல் ஒரு கண்ணை இழந்தது இப்படித்தான்.

எங்கே போவது? சன்னிவேல், சான் ஹோசே, ஃப்ரீமான்ட் பக்கம் இருப்பவர்களுக்கு இரண்டு இடங்கள்தான் உண்மையான தேர்வு: பசிஃபிகாவின் லிண்டா மார், சாண்டா குரூஸின் கவல்ஸ். லிண்டா மார் முழுக்க மணல் தரை. தெற்கு மூலையில் பெட்ரோ முனை அலையின் வேகத்தை உடைப்பதால் அந்தப் பக்கம் சாது, வடக்கே போகப் போக முரடாகும். நுரை அலையில் இடுப்பளவு நீரில் நின்று பழக இதைவிடத் தோதான இடம் பக்கத்தில் இல்லை. குறை, கூட்டமும் ஓடையும். சான் பெட்ரோ ஓடை நேராகக் கடலில் கலக்கிறது. மழை பெய்தால் மூன்று நாள் அந்தப் பக்கமே போக வேண்டாம், வயிறும் காதும் கெடும்.

கவல்ஸ் படகுத்துறைக்குப் பக்கத்தில், வளைகுடாவின் மடியில் இருப்பதால் அலை நீளமாக, மெதுவாக உருளும். ஒருமுறை எழுந்துவிட்டால் கரை வரை பயணம். நீரும் ஒரு டிகிரி கூடுதலாக இருக்கும். ஆனால் நீர் வற்றும் நேரத்தில்தான் அலை உருவாகும். ஓதம் ஏறியிருக்கும்போது போனால் குளம்போல் கிடக்கும். ஓத அட்டவணை பார்த்துக் கிளம்ப வேண்டும். அங்கே போனால் ஒரு மைல் கிழக்கே சான் லொரென்சோ ஆற்று முகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். 1885-இல் ஹவாய் இளவரசர்கள் மூவர் செம்மரப் பலகைகளில் அலையேறிய இடம் அது, வெட்சூட் ஏதும் இல்லாமல். என் பரிந்துரை: முதல் மாதம் லிண்டா மார், நுரை அலையில் பத்துக்கு ஏழு தடவை நிற்க வந்ததும் கவல்ஸ். சான்பிரான்சிஸ்கோவின் ஓஷன் பீச் அகலமாகக் கண்ணைக் கவரும். கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் அங்கே பயங்கரம். கற்றுக்கொள்பவர் கால் நனைக்கவும் அங்கே போகக் கூடாது.

பயிற்சி வகுப்பா, நண்பரா? கடலில் நீந்தத் தெரியாது என்றால் இரண்டும் வேண்டாம், முதலில் நீச்சல். தெரியும் என்றால் ஒரே ஒரு வகுப்பு பணம் கொடுத்துப் போங்கள். நன்றாக சர்ஃப் செய்யும் நண்பருக்குத் தான் எப்படி நிற்கிறோம் என்பதே மறந்திருக்கும். அவர் உங்களைத் தன்னோடு ஆழத்துக்குக் கூட்டிப்போக ஆசைப்படுவார்.

எழுந்து நிற்பதில் இரண்டு வழி சொல்வார்கள்: முழங்கால் ஊன்றி எழுவது, ஒரே வீச்சில் குதித்து எழுவது. முழங்கால் வழி முதல் நாளிலேயே சந்தோஷம் தரும். ஆனால் பழகிவிட்டால் விடாது. குளிர்ந்த கடலில் இன்னொரு சங்கடமும் சேரும், தடித்த ரப்பர் முழங்காலில் மடிந்து நின்று அங்கிருந்து எழுவது மெதுவாகும். ஆகவே குதித்து எழுவதையே வீட்டுத் தரையில் பழகுங்கள். சூட்டைப் போட்டுக்கொண்டு பழகுவது முக்கியம், வெறும் உடம்பில் பழகிய கால் ரப்பருக்குள் அந்த உயரத்துக்கு வராது. உள்ளங்கைகள் விலா எலும்பின் ஓரத்தில் தட்டையாக. போர்டின் விளிம்பைப் பிடிக்கக் கூடாது. பார்வை கரையில். காலைப் பார்த்தால் காலடியில்தான் விழுவீர்கள். கடற்கரையில் உடம்பு சூடாகும் வரை ஓடிவிட்டு இறங்குங்கள்.

இறங்கும்போது முதல் ஒரு நிமிடம் எதுவும் செய்யாதீர்கள். 15 டிகிரிக்குக் கீழே நீர் பட்டதும் மூச்சு தானாக வாரி இழுக்கும், இதயம் படபடக்கும். இது பயமில்லை, உடம்பின் அனிச்சைச் செயல். மானிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்ப்ரெக்ட் இதற்கு 1-10-1 என்று ஒரு கணக்கு சொல்வார்: உறைநீரில் காப்பு உடையின்றி விழுந்தவருக்கு மூச்சை அடக்க 1 நிமிடம், கை கால் வேலை செய்வது 10 நிமிடம், நினைவு தப்ப 1 மணி நேரம். இங்கே நீர் அந்த அளவு குளிரில்லை, உங்களுக்கு சூட்டும் இருக்கிறது, ஆகவே பின்னிரண்டும் வெகுவாக நீளும். முதல் நிமிடம் மட்டும் அப்படியே பொருந்தும். இடுப்பளவு நீரில் நின்று, முகத்தில் கொஞ்சம் நீர் அள்ளித் தெளித்து, மூச்சை நீளமாக வெளியே விட்டு, அது சீரான பிறகு போர்டில் படுங்கள்.

எப்போது வெளியே வருவது என்பதை ஆசையிடம் விடாதீர்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் ஒன்றையொன்று தொடுகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். தொட மறுத்தால் அடுத்த அலைக்குக் காத்திருக்காமல் கரையேறுங்கள், ஏனென்றால் போர்டைத் தள்ளி எழுவதும் அதே கைதான். புதியவருக்கு முதல் மாதம் முக்கால் மணி நேரமே நிறைய. கரைக்கு வந்தபின்னும் உடம்பின் உட்சூடு சிறிது நேரம் இறங்கிக்கொண்டே போகும். காரில் ஒரு பெரிய ஃபிளாஸ்கில் வெதுவெதுப்பான நீர் வைத்திருந்து கழுத்து வழியாக சூட்டுக்குள் ஊற்றினால் கழற்றுவதும் சுலபம், நடுக்கமும் குறையும். காற்றைத் தடுக்கும் தடித்த அங்கி, உலர்ந்த சாக்ஸ், கம்பளித் தொப்பி மூன்றும் இருக்கட்டும். நடுங்கும் கையோடு, சாண்டா குரூஸிலிருந்து திரும்பும் 17-ஆம் நெடுஞ்சாலையின் வளைவுகளில் வண்டி ஓட்ட வேண்டாம். காருக்குள் ஹீட்டரைப் போட்டு, சூடாக எதையாவது குடித்து, நடுக்கம் நின்ற பிறகு கிளம்புங்கள்.